65 வாட் என்று பெட்டியில் எழுதியிருந்தால் போதுமா?

செம்மண்காரன்:
புதுவயல் தம்பி ஒருவர், கல்யாண வீடியோ எடிட்டிங்குக்காக வீட்டிலேயே கணினி கட்டப் போவதாகச் சொல்லி, என்னென்ன பாகங்கள் வாங்கலாம் என்று கேட்டிருந்தார். தேவகோட்டை வாசி அவருக்குச் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: “ஐ7-13700 வாங்குங்கள். பெட்டியில் 65 வாட் என்றுதான் போட்டிருக்கிறது. ஹெச்610 மதர்போர்டு போதும். கூடவே வரும் ஃபேன் போதும். மிச்சப் பணத்தில் நல்ல மானிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.”

இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கணினியின் மூளையான அந்த ஐ7-13700 பிராசசருக்கு இன்டெல் வெளியிட்டிருக்கும் விவரக் குறிப்பில், அது இழுக்கும் மின்சாரத்தின் உச்ச அளவு 219 வாட் என்று இருக்கிறது. அந்த வரியைப் படிக்காமல் ஒருவருடைய பணத்துக்கு யோசனை சொல்ல என்ன துணிச்சல்! 65 எங்கே, 219 எங்கே?

தேவகோட்டை வாசி:
என்னைக் குறிவைத்தே ஒரு விவாதம் தொடங்கியிருக்கிறீர்கள். சரி, பதில் சொல்கிறேன். 65 வாட் என்பது என் வீட்டுக் கணக்கு இல்லை, இன்டெல்லின் கணக்கு. 219 வாட் என்பது கொஞ்ச நேரத்துக்கு மட்டும். இன்டெல் வகுத்த இயல்பான அமைப்பில் வைத்தால், ஏறத்தாழ 28 விநாடி கழிந்ததும் பிராசசர் தானாகவே 65 வாட்டுக்கு இறங்கிவிடும். கூடவே வரும் லாமினார் ஃபேனை அந்த 65 வாட்டுக்காகத்தான் கொடுக்கிறார்கள். தெரியாமலா கொடுக்கிறார்கள்?

செம்மண்காரன்:
28 விநாடியில் எந்தக் கல்யாண வீடியோ முடிகிறது? மாப்பிள்ளை அழைப்பு முதல் பெண் அழைப்பு வரை 4கே-யில் எடுத்ததை ஏற்றுமதி செய்ய மணிக்கணக்காகும். முதல் 28 விநாடிக்கு மட்டும் ஓடுவதற்காகவா, ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்கிற 16 கோர், 24 திரெட் உள்ள பிராசசரை வாங்க வேண்டும்? 65-க்கு இறங்கிவிட்டால் அவர் கொடுத்த காசில் பாதி வீண்.

இன்னொன்று. இன்டெல் வகுத்த அமைப்பை எல்லா மதர்போர்டும் மதிப்பதில்லை. ஹெச்610-ஐவிட மேல்தரமான பி760 போர்டுகள் பலவற்றில் அந்த வரம்பைத் தயாரிப்பாளர்களே தளர்த்தி அனுப்புகிறார்கள். போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில் போய் நீங்களே குறைத்தால்தான் 65. இல்லாவிட்டால் ஃபேன் அலறிக்கொண்டே இருக்கும், பிராசசர் 100 டிகிரியைத் தொட்டு வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

தேவகோட்டை வாசி:
நான் சொன்னது ஹெச்610. நீங்கள் பேசுவது பி760. போர்டை மாற்றிவிட்டு என்னைக் குற்றம் சொல்கிறீர்கள். பல ஹெச்610 போர்டுகளில் 65 வாட் 65 வாட்டாகத்தான் இருக்கும்.

செம்மண்காரன்:
ஹெச்610-ஐ நீங்களே எடுத்ததால் சொல்கிறேன். பிராசசருக்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்திக் கொடுக்கிற வி.ஆர்.எம். பகுதி மலிவான ஹெச்610 போர்டுகளில் மெலிந்து கிடக்கும். பலவற்றில் அதன்மேல் வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்க்கூடக் கிடையாது. பிராசசரைச் செருகும் சாக்கெட் பொருந்துகிறது, அதனால் பிராசசர் உட்கார்ந்துவிடும். ஆனால் சுமை ஏறினால் வி.ஆர்.எம். சூடாகி, போர்டே பிராசசரைப் பிடித்து நிறுத்தும். பத்துப் பேருக்கு வைக்கிற அடுப்பில் கல்யாணப் பந்திக்கு உலை ஏற்றுகிற கதை.

ரேம் ஸ்லாட்டும் இரண்டுதான். நாளைக்கு ரேம் கூட்ட வேண்டுமென்றால் பழையதைக் கழற்றித்தான் புதியதைப் போட முடியும். எடிட்டிங் செய்கிறவருக்கு இதையா சொல்வது?

பள்ளத்தூர் பிள்ளை:
இரண்டு பேருமே தவறான பிராசசரை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். ஏஎம்டியின் ரைசன் 7 7700 பிராசசரைப் பாருங்கள். அதிலும் 65 வாட் என்றுதான் இருக்கிறது. ஆனால் சாக்கெட் வழியாக ஏறக்கூடிய உச்சம் 88 வாட். 219 இல்லை, 88! எட்டுக் கோர். கூடவே வருவது ரெய்த் பிரிசம் கூலர், அதற்கு அதுவே தாராளம். அது உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரைக்கும் அதற்கு அப்பாலும் ஆதரிப்போம் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. ஐ7-13700 உட்காரும் இன்டெல்லின் 1700 சாக்கெட் 14-ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ராவுக்கு 1851 என்று வேறு சாக்கெட். முடிந்துபோன வீட்டுக்கு ஏன் வாடகைக்குப் போக வேண்டும்?

தேவகோட்டை வாசி:
வந்துவிட்டார் ஏஎம்டி வக்கீல். தம்பி, ஏஎம்5-இல் புதிய டிடிஆர்5 வகை ரேம் மட்டும்தான் போட முடியும். இன்டெல் 1700-இல் முந்தைய டிடிஆர்4 ரேமுக்கான போர்டும் உண்டு, கையில் இருக்கும் பழைய ரேமைப் பயன்படுத்தலாம். அதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் இரண்டு பேரும் மறைக்கிறீர்கள். இன்றைய கேமராக்கள் பலவற்றில் நிற விவரம் அதிகமுள்ள 4:2:2, 10 பிட், ஹெச்265 என்ற வீடியோ வகையில் பதிவு செய்கிறார்கள். அதைத் தடங்கலின்றி ஓட்டிப் பார்க்க இன்டெல் பிராசசருக்குள்ளேயே இருக்கும் உள்கிராஃபிக்ஸின் குவிக் சிங்க் என்ற வீடியோ வசதி கைகொடுக்கும். உங்கள் 7700-இன் உள்கிராஃபிக்ஸ் அதற்கு உதவாது. எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்தவனுக்குத்தான் இது தெரியும். 65 வாட்டைப் பிடித்துத் தொங்குகிறவர்களுக்குத் தெரியாது.

செம்மண்காரன்:
65 வாட்டைப் பிடித்துத் தொங்கியது யார்? முதல் வரியிலேயே “பெட்டியில் 65 வாட்” என்று எழுதியவர் நீங்கள். குவிக் சிங்க் நல்லது என்பதை நான் மறுக்கவே இல்லை. ஐ7-ஐ வாங்காதே என்றும் சொல்லவில்லை. வாங்கினால் 219-ஐ மனதில் வைத்து போர்டும் கூலரும் வாங்கு என்கிறேன். பிராசசரையும் போர்டையும் கூலரையும் தனித்தனியே விலை பார்த்து வாங்கினால் பணம்தான் போகும். மூன்றையும் ஒரே கணக்கில் பார்க்க வேண்டும்.

ஆத்தங்குடிக் கல்:
வாட் கணக்கெல்லாம் இருக்கட்டும். நம் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லையே? உயர்ந்த கூரை, கனத்த சுவர், முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசிய பூச்சு, நடுவில் வானம் பார்த்த வளவு, கீழே ஆத்தங்குடித் தளம். சித்திரை வெயிலிலும் உள்ளே நுழைந்தால் உடம்பு குளிர்ந்துவிடும். அந்த அறையில் வைத்தால் பிராசசரோடு கூடவே வரும் பெட்டி ஃபேனே அதிகம். இந்த லிக்விட் கூலர் மோகமெல்லாம் சென்னைக்காரர்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

செம்மண்காரன்:
லிக்விட் கூலர் என்று நான் ஒரு சொல்லாவது எழுதியிருக்கிறேனா? மேலே போய்ப் படியுங்கள்.

வீட்டுப் பெருமைக்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் வீடுகளில் எத்தனையோ பங்காளிகளுக்குள் பிரிந்து பூட்டிக் கிடக்கின்றன. படையலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிறார்கள். வேலை செய்கிற பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது கான்கிரீட் அறையில். எந்தக் காற்றுக் கூலரும் அறையின் வெப்பத்துக்குக் கீழே பிராசசரைக் கொண்டுபோக முடியாது. அறை 28 டிகிரியிலிருந்து 39 டிகிரிக்கு ஏறினால், அதே சுமையில் பிராசசரும் ஏறத்தாழ அந்த 11 டிகிரி ஏறும். ஜனவரியில் 85 காட்டியது மே மாதத்தில் 96 காட்டும். தளத்தின் பூவேலைப்பாட்டைப் பார்த்து வெப்பம் குறையாது.

ஆத்தங்குடிக் கல்:
பூவேலைப்பாடு என்று இழிவாகப் பேச வேண்டாம். கண்ணாடிமேல் வண்ணம் ஊற்றிக் கையாலேயே செய்கிற தளம் அது. நீங்கள் பதித்திருப்பது பளபளக்கும் தொழிற்சாலைக் கல்லாகத்தான் இருக்கும். அதனால்தான் உங்கள் அறையில் 39 டிகிரி.

புதுவயல் தம்பி:
ஐயா, என் அறை மொட்டை மாடியில் இருக்கிறது, மேலே தகரக் கூரை. ஏசி இல்லை. இதற்குப் பி760 வாங்கலாமா என்று மட்டும் சொன்னால் போதும்.

தேவகோட்டை வாசி:
பார்த்தீர்களா, தகரக் கூரை! அந்த அறையில் 219 வாட்டை ஓடவிட்டால் தம்பியே வெந்துபோவார். பிராசசர் இழுக்கிற ஒவ்வொரு வாட்டும் வெப்பமாக அறைக்குள்தானே வரும்? பெரிய கூலர் போட்டால் வெப்பம் மறைந்துபோகாது, கணினிப் பெட்டியை விட்டு அறைக்கு இடம் மாறும், அவ்வளவுதான். 65 வாட்டில் பூட்டி வையுங்கள் என்று நான் சொன்னதுதான் சரி.

செம்மண்காரன்:
“பூட்டி வையுங்கள்” என்று நீங்கள் எங்கே சொன்னீர்கள்? இப்போதுதான் சொல்கிறீர்கள். நேற்று “பெட்டியில் 65” என்றீர்கள். இன்று “65-இல் பூட்டுங்கள்” என்கிறீர்கள். போன முறை பவர் சப்ளை பற்றிப் பேசும்போதும் இதையேதான் செய்தீர்கள். கிராஃபிக்ஸ் கார்டோடு சேர்த்து 450 வாட் போதும் என்று அடித்துச் சொல்லிவிட்டு, அந்த நண்பரின் கணினி சுமையில் அணைந்துபோனதும் அவர் வீட்டு வயரிங்கைக் குறை சொன்னீர்கள்.

தேவகோட்டை வாசி:
அவர் வீட்டில் எர்த் இணைப்பே சரியில்லை. அதை அவரே எழுதினார். பழைய கணக்கையெல்லாம் இங்கே கொண்டுவர வேண்டாம். இந்தப் பக்கத்து ஸ்டுடியோக்களில் நான் கட்டிக் கொடுத்த கணினிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நீங்கள் விவரக் குறிப்பைப் படிக்கிறவர். நான் திருப்புளியைப் பிடிக்கிறவன்.

பள்ளத்தூர் பிள்ளை:
88 வாட். யாருமே இதற்குப் பதில் சொல்லவில்லை. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறைப் பிராசசர்கள் மின்னழுத்தக் கோளாறால் பழுதான கதையையும் யாரும் பேசவில்லை. 2024 ஆகஸ்டில் 0x129, செப்டம்பரில் 0x12B என்று, பயாஸ் வழியாக ஏற்றும் மைக்ரோகோடு திருத்தங்கள் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டினார்கள். புதிய பயாஸ் ஏற்றாத பழைய இருப்புப் போர்டைத் தம்பி தலையில் கட்டினால் யார் பொறுப்பு?

செம்மண்காரன்:
பயாஸ் பற்றிச் சொன்னது சரியான இடம். அதோடு, ஹெச்610 போர்டுகள் 12-ஆம் தலைமுறைக்காக வந்தவை. பழைய இருப்பாக இருந்தால், பயாஸைப் புதுப்பிக்காமல் 13-ஆம் தலைமுறையான ஐ7-13700 திரையே காட்டாது. மதுரையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ வாங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்த பிறகு, திரை கறுப்பாக இருந்தால் என்ன செய்வார்? பிராசசர் இல்லாமலே யுஎஸ்பி வழியாகப் பயாஸ் ஏற்றும் வசதி மலிவான போர்டுகளில் பெரும்பாலும் இருக்காது. கடையிலேயே ஏற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள் தம்பி. அதைச் செய்யாத கடையில் வாங்க வேண்டாம்.

ஆனால் 88 என்று கூவுவதால் 219 மறைந்துவிடாது. குவிக் சிங்க் கேள்விக்கு உங்களிடம் இன்னும் பதில் இல்லை.

பள்ளத்தூர் பிள்ளை:
தனி கிராஃபிக்ஸ் கார்டு போட்டுக்கொள்வார்.

தேவகோட்டை வாசி:
4:2:2-ஐ எல்லா கிராஃபிக்ஸ் கார்டும் எடுத்துக்கொள்ளாது. விலையைக் கேட்டுவிட்டு வந்து பேசுங்கள்.

செம்மண்காரருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 219-ஐ மனதில் வைத்து நீங்கள் வாங்கச் சொல்லும் கூலர், கோபுரம்போல் நிமிர்ந்து நிற்கும் கோபுரக் கூலராகத்தான் இருக்கும், அது பக்கவாட்டில் காற்றைத் தள்ளும். பெட்டி ஃபேன் கீழ்நோக்கி ஊதும். அந்தக் காற்றுதான் சுற்றியிருக்கும் வி.ஆர்.எம்.-ஐயும் குளிர வைக்கிறது. ஹீட் சிங்க் இல்லாத போர்டில் பெட்டி ஃபேனே நல்லது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

செம்மண்காரன்:
ஹீட் சிங்க் இல்லாத போர்டை வாங்காதே என்பதுதான் என் பேச்சே. உங்கள் தவறான போர்டைக் காப்பாற்றத் தவறான ஃபேனைக் கொண்டுவருகிறீர்கள்.

தம்பி, இவர்களை விடுங்கள். வி.ஆர்.எம்.-மேல் ஹீட் சிங்க் இருக்கும், நான்கு ரேம் ஸ்லாட் உள்ள பி760 எடுங்கள். 120 மில்லிமீட்டர் ஃபேன், நான்கு ஹீட் பைப் உள்ள கோபுரக் கூலர் ஒன்று எடுங்கள். பயாஸில் நீண்டநேர வரம்பை நீங்களே 125 வாட் அளவில் நிறுத்துங்கள். வேகத்தில் பெரும்பகுதி கிடைத்துவிடும், அந்தக் கூலரும் தாங்கும். உறவினர் யாராவது பழைய கூலர் தருகிறேன் என்றால் துளையை அளந்து பாருங்கள். 1700 சாக்கெட்டைச் சுற்றியுள்ள துளைகளுக்கு இடையே 78 மில்லிமீட்டர். முந்தைய 1200, 1151 போர்டுகளில் 75. அந்த மூன்று மில்லிமீட்டரைக் கம்பியால் இழுத்துக் கட்டுகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

தேவகோட்டை வாசி:
125! 65 தவறு, 219-தான் உண்மை என்று கத்தியவர் இப்போது 125 என்கிறார். இது எந்தப் பெட்டியில் எழுதியிருக்கிறது?

செம்மண்காரன்:
பெட்டியில் எழுதியதைத் தவிர வேறு எதையும் படிக்க மாட்டேன் என்று சபதமா? உங்கள் ஸ்டுடியோ கணினி ஒன்றில், பிராசசரைச் சோதிக்கும் சினிபெஞ்ச் மென்பொருளை அரை மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு, வெப்பமும் வாட்டும் கடிகார வேகமும் தெரியும்படி திரையைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு, ஏசி அணைத்துவிட்டு.

தேவகோட்டை வாசி:
வாடிக்கையாளர் கணினியை உங்கள் பரீட்சைக்குத் தர முடியாது. வேண்டுமானால் தேவகோட்டைக்கு வந்து பாருங்கள்.

செம்மண்காரன்:
காரைக்குடியிலிருந்து தேவகோட்டை என்ன தூரமா? நாளும் நேரமும் சொல்லுங்கள், வெப்பமானியும் கொண்டுவருகிறேன். செம்மண் புழுதி அடைத்த அந்தப் பெட்டி ஃபேனை முதலில் துடைத்து வைத்துவிட்டு அழையுங்கள்.

ஆத்தங்குடிக் கல்:
புழுதி வருவதே சன்னலைத் திறந்து வைக்கிற கான்கிரீட் வீட்டில்தான். வளவு வீட்டில் உள்ளறைக்குப் புழுதி வராது.

செம்மண்காரன்:
வளவில் மழையே உள்ளே கொட்டுகிறது, புழுதி வராதா?