ரவுட்டர் அட்மின் பாஸ்வேர்டு இல்லாமல் போர்ட் ஃபார்வர்டிங் செய்ய முடியுமா?

ஒற்றைஆன்டெனா:
வாடகை வீடு. இணைப்பு வீட்டு ஓனர் பெயரில், ரவுட்டர் இணைய நிறுவனம் கொடுத்தது. என்னிடம் இருப்பது சாதாரண யூசர் லாகின்தான். வைஃபை பெயரை மாற்றலாம், போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே ஒரு கருவிக்குத் திருப்பிவிடுவது) மெனுவே கண்ணில் படாது. அதன் பின்னால் என் சொந்த ரவுட்டர், அதில் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி, அதில் ஜெல்லிஃபின் (சொந்தப் படங்களை ஓட்டும் மீடியா சர்வர்) ஓடுகிறது. என் ரவுட்டரில் 8096 போர்ட்டைத் திறந்திருக்கிறேன். வீட்டுக்குள் அருமையாக வருகிறது, வெளியே மொபைல் டேட்டாவில் போட்டால் சுற்றிச் சுற்றி டைம் அவுட். ஓனர் நல்ல மனிதர், ஆனால் "ஓடிக்கிட்டிருக்கிறத நோண்டாதீங்க" ரகம். வழி உண்டா?

பழையமோடம்:
நீங்கள் திறந்தது அறைக் கதவு, வாசல் கதவு இன்னும் பூட்டியேதான் இருக்கிறது. இரண்டு ரவுட்டரும் அடுத்தடுத்து முகவரி மாற்றும் டபுள் நேட் என்பது இதுதான். ஆனால் ஓனரிடம் போவதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். யூசர் லாகினிலேயே பெரும்பாலும் ஸ்டேட்டஸ் பக்கம் தெரியும், அதில் வேன் ஐபி (ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) என்ன என்று பார்த்து, "என் ஐபி என்ன" என்று காட்டும் தளங்களில் வருவதோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றென்றால் பிழைத்தீர்கள். 100.64-இலிருந்து 100.127 வரை ஏதாவது வந்தால் அது சிஜிநேட், அதாவது ஒரே பொது முகவரியை நிறுவனம் பல வீடுகளுக்குப் பங்குபோட்டுத் தருவது, அதற்கென்றே 2012-இல் ஒதுக்கிய முகவரிகள் அவை. 10 என்று தொடங்கினாலும் அதே கதைதான்.

குறுக்குவழி:
அந்த மாடலின் அட்மின் பாஸ்வேர்டு இணையத்தில் கிடைக்கும், தேடிப் பாருங்கள். இல்லையென்றால் ரீசெட் பட்டனை அழுத்திப் பிடியுங்கள்.

பழையமோடம்:
தயவுசெய்து வேண்டாம். ரீசெட் செய்தால் பிபிபிஓஇ லாகின், விலேன் எண் என இணைய நிறுவனத்தோடு சேரத் தேவையான அமைப்புகள் எல்லாம் போய் மொத்த வீட்டுக்கும் இணைப்பு அறுந்துவிடலாம், அப்புறம் ஓனருக்குப் பதில் சொல்வது நீங்களா அவரா? அடுத்தவர் பெட்டியில் அனுமதியில்லாமல் அட்மினாக நுழைவதும் சரியில்லை.

ஒற்றைஆன்டெனா:
பார்த்துவிட்டேன். ஸ்டேட்டஸ் பக்கத்தில் 100.71 என்று தொடங்குகிறது, வெளியே தெரிவது முற்றிலும் வேறு.

பழையமோடம்:
அப்படியானால் ஓனரை விட்டுவிடுங்கள், அட்மின் பாஸ்வேர்டு கிடைத்தாலும் பலனில்லை. பொது முகவரி நிறுவனத்தின் கருவியில் இருக்கிறது, அதைப் பலர் பங்குபோட்டுக்கொள்கிறார்கள், உங்கள் வீட்டு ரவுட்டரில் எந்த போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து வருவது அதுவரை வந்து சேராது. யூபிஎன்பி, டிஎம்இசட் என ரவுட்டரில் போர்ட் திறக்கும் மற்ற வழிகள் எல்லாமே இங்கே வீண்.

உள்ளேயிருந்து வெளியே போகும் இணைப்பை மட்டும் யாரும் தடுக்கவில்லை, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ராஸ்பெரி பையிலும் போனிலும் டெயில்ஸ்கேல் (கருவிகளைத் தனி நெட்வொர்க்கில் இணைக்கும் ஆப்) போட்டு ஒரே கணக்கில் லாகின் செய்தால் போதும். அதுவும் 100 என்று தொடங்கும் முகவரியைத்தான் தரும், குழம்ப வேண்டாம். டெயில்ஸ்கேலின் ஸ்டேட்டஸ் கட்டளையில் டைரக்ட் என்று வந்தால் வேகம் நன்றாக இருக்கும். ரிலே என்று வந்தால் இடைச் சர்வர் வழியாகச் சுற்றிப் போகிறது, பெரிய வீடியோ திணறும்.

இரவுப்பிங்:
ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) கிடைக்கிறதா என்றும் பாருங்கள். அதில் நேட் தொல்லை இல்லை, ஆனால் மேல் ரவுட்டரின் ஃபயர்வால் வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும், அதைத் திறக்க மறுபடி அட்மின்தான்.

ஒற்றைஆன்டெனா:
டெயில்ஸ்கேல் போட்டேன், டைரக்ட் என்று காட்டுகிறது, படம் தங்குதடையில்லாமல் ஓடுகிறது. அக்கா வீட்டு டிவியில்தான் அந்த ஆப்பே இல்லை, அதற்கு என்ன செய்வது?

பழையமோடம்:
அதற்குப் பொது முகவரியுள்ள சின்ன விபிஎஸ் (இணையத்தில் இருக்கும் மெய்நிகர் சர்வர்) ஒன்று வாடகைக்கு எடுத்து, ராஸ்பெரி பையிலிருந்து அதற்கு வயர்கார்டு டனல் (பாதுகாப்பான தனிப்பாதை) போடுங்கள். விபிஎஸ்ஸில் யுடிபி 51820 திறந்திருக்கட்டும், ராஸ்பெரி பை பக்கம் கீப்அலைவ் (இணைப்பை உயிரோடு வைக்கும் சிறு செய்தி) 25 நொடி கட்டாயம், இல்லாவிட்டால் சும்மா இருக்கும்போது நேட் அந்தப் பாதையை மறந்துவிடும். அப்புறம் விபிஎஸ்ஸில் ரிவர்ஸ் ப்ராக்ஸி (வரும் கோரிக்கையை வாங்கி உள்ளே அனுப்பும் இடைநிலை மென்பொருள்) வைத்து எச்டிடிபிஎஸ் வழியாக மட்டும் விடுங்கள், 8096-ஐ அப்படியே ஊருக்குத் திறந்து வைக்காதீர்கள். கிளவுட்ஃப்ளேர் டனலும் எளிதுதான், ஆனால் வீடியோ ஓட்டுவதற்கு அவர்கள் விதிகளில் கட்டுப்பாடு உண்டு, முதலில் படித்துவிடுங்கள்.