ஒரு பேடு மட்டும் மூன்று நாளாகத் தின்னவில்லை, மற்றதெல்லாம் சுகம். என்ன வருத்தம்?

முத்தையன்கட்டு வளவு:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் 11 ஊர்க்கோழி நிற்கிறது. அதில் புள்ளி என்று நாங்கள் கூப்பிடுகிற பேடு மூன்று நாளாக ஒன்றும் தின்னவில்லை. தவிடு குழைத்து வைத்தால் ஆசையாக ஓடி வரும், இரண்டு தரம் கொத்தும், பிறகு கழுத்தை ஒரு மாதிரி நெளித்துவிட்டுப் போய்க் கூட்டின் மூலையில் செட்டையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும். கொண்டை வெளிறிப்போயிற்று. கழிச்சல் தண்ணீராகப் பச்சையும் வெள்ளையுமாகப் போகிறது. தூக்கினால் பாரமே இல்லை, நெஞ்செலும்பு கத்தி மாதிரிக் கையில் படுகிறது.

பக்கத்து வீட்டு மாமி, "இது ராணிக்கெட், தொத்து வருத்தம், எல்லாம் சாகப் போகுது, நல்லா நிற்கிறதுகளை இப்பவே அறுத்துப்போடு" என்கிறார். அம்மா உள்ளியும் மஞ்சளும் அரைத்து உருட்டித் தீத்தினார், அதையும் கக்கிவிட்டது. மற்றப் பத்தும் நல்ல சுகமாக நிற்கிறது. என்ன செய்யலாம்? அவசரம்.

விசுவமடுக்காரன்:
பச்சைக் கழிச்சல் என்றால் ராணிக்கெட்தான் தங்கச்சி. எங்கள் வளவுக்கு வந்தபோது நாற்பது கோழியில் ஆறுதான் மிஞ்சியது, அதுவும் ஒரே கிழமைக்குள். அதுக்கு மருந்து கிடையாது. பேட்டைத் தனியாக்கி விடுங்கோ. செத்தால் ஆழமாகக் கிடங்கு வெட்டிச் சுண்ணாம்பு போட்டுத் தாட்டு விடுங்கோ, குளத்துக்கோ வாய்க்காலுக்கோ எறிய வேண்டாம்.

நெடுங்கேணி அக்கா:
தனியாக்கச் சொன்னது சரி, அதை இப்பவே செய்யுங்கோ. ஆனால் அண்ணை, பச்சையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வயிற்றில் தீன் இல்லாத எந்தக் கோழிக்கும் பித்தம் மட்டும் இறங்கிப் பச்சையாகத்தான் போகும். மூன்று நாள் பட்டினி கிடந்த கோழிக்கு வேறு என்ன நிறத்தில் போகும்?

ராணிக்கெட் என்றால் ஒரே கூட்டில் ஒன்றோடு நிற்காது. இரண்டாவது, மூன்றாவது கோழியும் தூங்கத் தொடங்கியிருக்கும். வாயைப் பிளந்து மூச்சு இழுக்கும், சிலதுக்குக் கழுத்து முறுகும், கால் இழுக்கும். இதில் ஏதாவது தெரிந்தால் உடனே எழுதுங்கோ, அப்போது கதை வேறு. உங்கள் பேடு ஆசையாக ஓடி வந்து கொத்திவிட்டு நிற்கிறது என்கிறீர்கள். பசி இருக்கிறது, ஆனால் தீன் இறங்கவில்லை. எனக்கு அங்கேதான் சந்தேகம்.

இன்றிரவு தண்ணீர் மட்டும் வையுங்கோ, தீன் வேண்டாம். விடிய, ஒன்றும் கொடுக்க முதல், கழுத்தடியில் நெஞ்சுக்கு மேலே வலது பக்கமாகத் தடவிப் பாருங்கோ. தின்றது முதலில் போய்த் தங்குகிற தீன்பை அங்கேதான் இருக்கிறது. சுகமான கோழிக்கு விடியற்காலையில் அது வெறுமையாக, இருப்பதே தெரியாமல் இருக்கும். அப்படியே வயிற்றுப் பக்கம், குதத்துக்குக் கீழேயும் தடவுங்கோ, முட்டை இறுகியிருந்தால் கையில் தட்டுப்படும். அப்புறம் இரண்டு கேள்வி: கோழி வெளியே மேய்கிறதா, அடைத்து வைத்திருக்கிறீர்களா? கூட்டுக்குள் நிலத்தில் என்ன போட்டிருக்கிறீர்கள்?

பரந்தன் பெடியன்:
ஒரு கோழிக்கு இவ்வளவு பாடா 😀 காய்ச்சினால் ஒரு நேர ரசம்.

நெடுங்கேணி அக்கா:
தம்பி, என்ன வருத்தம் என்று தெரியாத கோழியை நீங்கள் காய்ச்சிக் குடியுங்கோ. முட்டையிடுகிற பேட்டின் பெறுமதி அதை வளர்த்த பெண்ணுக்குத் தெரியும்.

முத்தையன்கட்டு வளவு:
அக்கா, விடிய ஐந்தரைக்கு ரோர்ச் அடித்துப் பார்த்தேன். வயிற்றில் முட்டை ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆனால் கழுத்தடியில் ஒரு குரும்பட்டி அளவில் கட்டி! அமத்தினால் குழைத்த மா மாதிரி, உள்ளே ஏதோ கயிறு சுருண்டு கிடக்கிற மாதிரி. வாயிலிருந்து புளித்த மணம். வேறு இரண்டு பேட்டையும் பிடித்துத் தடவினேன், அதுகளுக்கு ஒன்றுமே இல்லை.

பக்கத்தில் காலபோக விதைப்பு நடக்கிறது. கோழி வயலுக்குள் இறங்கினால் சண்டை வரும், அதனால் மூன்று கிழமையாக அடைத்தே வைத்திருக்கிறோம். மழை ஈரத்துக்கு நிலத்தில் பழைய உரப்பையும் அதுக்கு மேலே கொஞ்ச வைக்கோலும் போட்டிருக்கிறது. கோழியைத் தலைகீழாகப் பிடித்துப் பையை அமத்தி வாந்தி எடுக்க வைக்கிற வீடியோ ஒன்று பார்த்தேன். செய்யட்டுமா?

நெடுங்கேணி அக்கா:
வேண்டாம், வேண்டாம். தலைகீழாகப் பிடித்தால் வருகிற புளித்த தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போகும். நாக்குக்குப் பின்னாலேயே அந்தத் துவாரம் திறந்தபடி இருக்கிறது. கையிலேயே துடித்துச் சாகும். எனக்கு ஒன்று அப்படிப் போனது, அதனால்தான் இவ்வளவு கத்துகிறேன்.

இது தீன்பை அடைப்பு. வெளியே மேய்கிற கோழி பருமணலும் சின்னக் கல்லும் பொறுக்கும். கறிக்கு வெட்டும்போது உள்ளே மஞ்சள் தோல் உரிப்போமே, அந்த அரைவைப்பைக்குள் இந்தக் கல்தான் தீனை அரைக்கிறது. அடைத்த கூட்டில் கல் இல்லை, பொழுதும் போகவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் கொத்தும். வைக்கோல் என்றால் சில வேளை எண்ணெய் விட்டுத் தடவியே இறக்கிவிடலாம். ஆனால் உரப்பை என்கிறீர்கள், அதுதான் பயமாக இருக்கிறது. பையின் ஓரம் பிரிந்து இழை இழையாக நிற்கிறதா என்று பாருங்கோ. பேட்டின் சொண்டைத் திறந்து நாக்குக்குக் கீழேயும் பாருங்கோ.

முத்தையன்கட்டு வளவு:
அக்கா கை நடுங்குது. நாக்கடியில் வெள்ளை இழை ஒன்று சுற்றிக் கிடக்கிறது, மற்ற முனை உள்ளே போகிறது. உரப்பையின் ஒரு பக்கம் முழுக்கத் தும்பு தும்பாகப் பிரிந்திருக்கிறது. மெதுவாக இழுத்துப் பார்க்கட்டுமா?

நெடுங்கேணி அக்கா:
இழுக்கவே வேண்டாம். உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறதோ தெரியாது, இழுத்தால் நைலோன் இழை சதையை வாள் மாதிரி அறுக்கும். எண்ணெயும் வேண்டாம், தடவலும் வேண்டாம். நாக்கு நீலம் பாரிக்கிற அளவுக்கு இறுக்கியிருந்தால் நாக்கைச் சுற்றிய வளையத்தை மட்டும் சின்னக் கத்தரிக்கோலால் வெட்டி விடுங்கோ, மிச்சத்தைத் தொட வேண்டாம். இன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கோ. உரப்பையில் வைக்காமல் 🙂 கடகத்தில் பழைய சீலை விரித்துக் கொண்டு போங்கோ. போகிற வழியில் தண்ணீர் பருக்க வேண்டாம்.

விசுவமடுக்காரன்:
நான்தான் அவசரப்பட்டுவிட்டேன். முப்பத்துநாலு கோழி செத்த பயம் இன்னும் போகவில்லை. மற்றதுகளுக்கு ராணிக்கெட் தடுப்பூசி போட்டதா?

முத்தையன்கட்டு வளவு:
இரண்டு நாளாக எழுத முடியவில்லை. அப்பா மோட்டார் சைக்கிள் ஓட, நான் பின்னால் கடகத்தை மடியில் வைத்துக்கொண்டு கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போனோம். டொக்டர் தடவிப் பார்த்ததும், "வெட்டித்தான் எடுக்க வேணும்" என்றார். கழுத்தடியில் சிறகைப் பிடுங்கி, மரக்கச் செய்து, என் சின்ன விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. உள்ளேயிருந்து இடுக்கியால் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. வைக்கோல், உரப்பை இழை, ஒரு துண்டுத் தேங்காய்த் தும்பு, எல்லாம் முறுகித் திரி மாதிரி. அந்த மணம் இன்னும் மூக்கில் நிற்கிறது. பையைக் கழுவி, பைக்கு ஒரு தையல், தோலுக்கு வேறு தையல். புள்ளி கண்ணை மூடித் திறந்துகொண்டு கிடந்தது, ஒரு சத்தம் போடவில்லை.

இப்போது குசினிக்குள் அட்டைப்பெட்டியில், சீலைக்கு மேலே நிற்கிறது. முதல் நாள் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புத் தூள்) கரைத்த தண்ணீர் மட்டும், சொண்டின் ஓரத்தில் துளித்துளியாக விட்டால் அதுவே விழுங்குகிறது. இன்றைக்கு அவித்த முட்டை மஞ்சளைக் குழைத்து வைத்தேன், தானாகவே கொத்தியது. ஒரு கிழமைக்கு நெல், குறுணல் ஒன்றும் கூடாதாம். மருந்து ஐந்து நாளைக்குத் தந்திருக்கிறார்.

மற்றதுகளுக்குத் தடுப்பூசி போடவில்லை அண்ணை, உண்மையைச் சொல்ல வேணும். இனி இரண்டு கேள்வி. புள்ளி முட்டையிட்டால் சாப்பிடலாமா? எப்போது கூட்டத்தோடு விடலாம்?

நெடுங்கேணி அக்கா:
அப்பாடா. முட்டை இப்போதைக்கு வராது, உடம்பு தேற வேணும். வந்தாலும் மருந்து முடிந்து எத்தனை நாள் விட வேணும் என்பது எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. அதை டொக்டரிடமே கேட்டுக் கலண்டரில் எழுதி வையுங்கோ, பிள்ளைகள் சாப்பிடுகிற முட்டை.

தையல் காய்ந்து, புதுச் சிறகு முளைத்துக் காயத்தை மூடும் வரை கூட்டத்தோடு விட வேண்டாம். சிவப்பாக ஒன்று தெரிந்தால் மற்றப் பேடுகள் கொத்தியே கிழிக்கும். அதுவரை பகலில் பெட்டியைக் கூட்டுக்குப் பக்கத்தில் வையுங்கோ, ஒன்றையொன்று மறக்காமல் இருக்கும். உரப்பை எல்லாவற்றையும் இன்றைக்கே எடுங்கோ. ஒரு சட்டியில் குளத்து மணல் வையுங்கோ, ஒரு கீரைக் கட்டைத் தொங்கவிடுங்கோ, கொத்திப் பொழுதுபோக்கட்டும்.

விசுவமடுக்காரன்:
தடுப்பூசிக்கு அலுவலகத்தில் பெயர் கொடுத்து வையுங்கோ. ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிக்கு மருந்து இருக்கும், கரைத்தால் ஓரிரு மணித்தியாலத்துக்குள் போட்டு முடிக்க வேணும். அயல் வீடுகளையும் சேருங்கோ, அந்த மாமியையும்தான். ஐஸ் போட்ட போத்தலில் கொண்டு வாருங்கோ. புள்ளிக்கு இப்போது வேண்டாம், தேறின பிறகு போடலாம்.

முத்தையன்கட்டு வளவு:
மாமியிடம் சொல்லிவிட்டேன், 14 கோழி தன்னிடம் என்கிறார். எல்லாமாக ஐந்து வீடு சேர்ந்திருக்கிறது. விடிய தீன்பையைத் தடவினேன், வெறும் தோல்தான் கையில் பட்டது. பெட்டிக்குள் கை விட்டதற்கு என் மோதிரத்தைக் கொத்திக் கழற்றப் பார்க்கிறது.