மறுமொழி: ‘அஸ்யூம் ரோல்’ – பொறுப்பேற்றல்?

அன்பர்களுக்கு வணக்கம். அமேசானின் மேகக் கணினிச் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் சொற்களைத் தமிழாக்குகையில், ‘அஸ்யூம் ரோல்’ (ஒரு ரோலை, அதாவது அனுமதிகளின் தொகுப்பைத் தற்காலிகமாக ஏற்பது) என்பதற்கு என்ன சொல் வைப்பது என்ற கேள்விக்கு இது என் மறுமொழி.

> ரோல் என்றால் பாத்திரம்தானே? ‘பாத்திரமேற்றல்’ என்றே வைத்துவிடலாம்.

நாடகத்துக்குச் சரி, இங்கே ஒட்டவில்லை. இந்தச் சொல் புழங்கும் இடத்தைப் பாருங்கள். ஒரு நிறுவனம் தன் ஏடபிள்யூஎஸ் கணக்குகளை எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ் வைத்திருக்கிறது. தரவுத்தளம் இருக்கும் கணக்கில் நமக்கென்று பயனர் பெயரோ கடவுச்சொல்லோ கிடையாது. நம் கணக்கில் நுழைந்து, அங்கிருந்தபடியே அந்தக் கணக்கின் ரோல் ஒன்றை ஏற்கிறோம். உடனே தற்காலிக நுழைவுச் சான்றுகள் கிடைக்கும். வழக்கமாக 1 மணி நேரம் செல்லும். ரோலின் அமைப்பைப் பொறுத்து 12 மணி நேரம் வரை நீட்டலாம்.

இதில் நடிப்பு எதுவும் இல்லை. யார் ஏற்றார் என்பது ஏடபிள்யூஎஸ்ஸின் நடவடிக்கைப் பதிவேடான கிளவுட்டிரெயிலில் இருக்கும். ‘வேடம்’ வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். படிப்பவர் ஆள்மாறாட்டம் என்றே எடுத்துக்கொள்வார்.

என் பரிந்துரை: ரோலுக்குப் ‘பொறுப்பு’, அஸ்யூம் ரோலுக்குப் ‘பொறுப்பேற்றல்’. பல்கலைக்கழகங்களில் ‘பதிவாளர் (பொ)’ என்று பெயர்ப்பலகையில் போட்டிருப்பார்களே, அதே பொருள்தான். அதிகாரம் பதவிக்கு உரியது, இன்று அதில் இருப்பவர் யாராகவும் இருக்கலாம். ஆனால் ‘கூடுதல் பொறுப்பு’ என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. ரோலை ஏற்றிருக்கும்வரை நம் பழைய அனுமதிகள் செல்லாது, ரோலுக்கு உள்ளவை மட்டுமே செல்லும்.

> ‘பகிர்ந்த பொறுப்பு’ என்று ஏற்கெனவே எழுதி வருகிறோமே, குழம்பாதா?

குழம்பத்தான் செய்யும், நல்ல கேள்வி. பாதுகாப்பு வேலையை அமேசானும் நாமும் பிரித்துக்கொள்வதைச் சொல்லும் அந்தத் தொடரைப் ‘பகிர்ந்த கடமை’ என்று மாற்றிவிடலாம். தரவு மையத்தையும் வன்பொருளையும் காப்பது அமேசானின் கடமை, யாருக்கு என்ன அனுமதி என்று பார்த்துக் கொடுப்பது நம் கடமை. இன்னும் தெளிவாகவே இருக்கிறது.

அப்புறம், பொறுப்பேற்றதுமே தரவுத்தளம் திறந்துவிடாது. ஆர்டிஎஸ்ஸில் (ஏடபிள்யூஎஸ்ஸின் தரவுத்தளச் சேவை) ஐஏஎம் (அனுமதிகளை நிர்வகிக்கும் சேவை) வழியாக நுழைய, அந்தத் தரவுத்தளப் பயனராக இணையும் அனுமதி ரோலுக்குத் தனியாக வேண்டும். பிறகு 15 நிமிடம் மட்டுமே செல்லும் டோக்கன் ஒன்றை வாங்கி, கடவுச்சொல் கேட்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். நிறுவன மட்டத்தில் தடை போட்டிருந்தால் இவையெல்லாம் இருந்தும் பயனில்லை. ஆகவே அனுமதி, பொறுப்பு, அணுகல் மூன்றையும் கலக்காமல் எழுதியாக வேண்டும். டோக்கனை டோக்கன் என்றே விடலாம். ரேஷன் கடை முதல் வங்கி வரை எல்லாருக்கும் தெரிந்த சொல்.

எனக்கு இடிப்பது ஒரே இடம்தான். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளிலும் ரோல் உண்டு. 8.1 பதிப்பிலிருந்து அங்கே பயனர், குழு இரண்டுமே ரோல்தான். டோக்கனோடு நுழைய வேண்டிய பயனருக்கு ‘ஆர்டிஎஸ்_ஐஏஎம்’ என்ற ரோலை வழங்கியிருக்க வேண்டும். இதையும் ‘பொறுப்பு’ என்று எழுதினால், ஒரே பத்தியில் இரண்டு பொறுப்புகள் வந்து படிப்பவர் திணறுவார். இங்கே ஒருவர் பொறுப்பை ஏற்பதில்லை, உறுப்பினராகச் சேர்க்கப்படுகிறார். ‘பயனர் வகை’ என்று எழுதிப் பார்த்தேன், நிறைவாக இல்லை. இதற்கு மட்டும் வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.