மட்டக்களப்புக் கல்லடி வீட்டு வாட்ஸ்அப் குழு: பிள்ளைகளைக் கொழும்புக்குப் பாட்டு நிகழ்ச்சிக்குக் கூட்டிப்போன கிழமை

*புதன்*

[இரவு 8:10] நான்: எல்லாருக்கும் சொல்கிறேன். வருகிற சனிக்கிழமை பிள்ளைகளைக் கொழும்புக்கு இசை நிகழ்ச்சிக்குக் கூட்டிப்போகிறேன். என் மகள், அண்ணாவின் மகன், பக்கத்து வீட்டுப் பிள்ளை, மூன்று பேர். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. வேனை நான்தான் ஓட்டுகிறேன். பக்கத்து வீட்டு அம்மாவிடம் நேரே போய்க் கேட்டேன், அவவும் சம்மதம்.

[8:14] அண்ணா: போகட்டும், சந்தோஷம். ஆனால் ஞாயிறு காலை 8 மணிக்கு இவனுக்குக் கணித வகுப்பு. ஓ.எல். பரீட்சை வருடம், விட ஏலாது. நிகழ்ச்சி முடிந்ததும் அப்படியே வெளிக்கிட்டால் விடிய வந்து சேரலாம். இரவில் ரோட்டும் வெறுமையாக இருக்கும். நான் எத்தனை தரம் அப்படி ஓடி வந்திருக்கிறேன்.

[8:26] நான்: இல்லை அண்ணா, அன்றிரவு திரும்ப மாட்டேன், இதை முதலே சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சி முடிய 11 மணியாகும். பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, வேனை எடுத்து, கொழும்பை விட்டு வெளியே வரவே 12. அப்போது ஹபரணைக் காட்டுக்கு வருவது விடியற்காலம் 4 மணிக்கு. கண் சொருகுகிற நேரமும் அதுதான், யானை ரோட்டுக்கு ஏறுகிற நேரமும் அதுதான். அன்று காலை 5 மணிக்கு எழும்பியவள் நான், பின்னால் மூன்று பிள்ளைகளும் நித்திரை, கதை கொடுக்கக்கூட ஆள் இல்லை. 300 கிலோமீற்றருக்கு மேல். நீங்கள் ஓடியது தனியாக. இது ஊரார் பிள்ளையும் இருக்கிற வண்டி.

[8:31] அண்ணா: மெதுவாக வந்தால் என்ன பயம்?

[8:35] நான்: மெதுவாக வந்தாலும் நித்திரை வரும் அண்ணா. 2023 யூலையில் மன்னம்பிட்டியில் பஸ் பாலத்தால் ஆற்றுக்குள் விழுந்தபோது ஊரே எப்படி அழுதது. 2025 பெப்ரவரியில் எங்கட மட்டக்களப்பு மீனகயா ரயிலில் அடிபட்டு 6 யானைகள் செத்தன, அதுவும் விடியாத நேரம்தான். தண்டவாளத்தில் வருகிற ரயிலுக்கே அப்படி என்றால் வேனுக்கு என்ன கதி?

[8:41] தம்பி (வெள்ளவத்தை): அக்கா சொல்வது சரி. என் வீட்டில் படுங்கள், பாய் நாலு இருக்கிறது, அறை ஒன்று காலி. வேனை மைதானத்துக்குக் கிட்டக் கொண்டுபோகாதே. இரண்டு தெரு தள்ளி, வெளியேறுகிற பக்கம் முகத்தைத் திருப்பி நிறுத்து. இல்லாவிட்டால் முடிந்த பிறகு ஒரு மணித்தியாலம் அசைய முடியாது.

[8:44] மகள்: அண்ணா மாமா, நான் இந்த டிக்கெட்டுக்குத் தைப்பொங்கலில் இருந்து காசு சேர்த்தேன். அம்மா சொல்கிறபடி எல்லாம் கேட்பேன். ஞாயிறு விட்ட கணக்கைத் திங்கள் நானே தம்பிக்குச் சொல்லிக் கொடுப்பேன், கட்டாயம்.

[8:52] மச்சாள்: அம்மா பக்கத்தில் இருக்கிறா. அவ சொல்லச் சொல்ல எழுதுகிறேன்:
"என்னை அப்பா ரெட்டை மாட்டு வண்டியில் முனைக்காட்டுக்குக் கூத்துப் பார்க்கக் கூட்டிப்போவார். நானும் தங்கச்சியும் அயல் வீட்டுப் பெட்டைகளும். களரியைச் சுற்றிப் பாய் விரித்து விடிய விடிய இருப்போம், மத்தளச் சத்தம் நெஞ்சுக்குள் அடிக்கும். அப்பாவுக்குக் கூத்தில் அவ்வளவு விருப்பம் இல்லை, வண்டிக்குக் கீழே சாக்கில் படுத்திருப்பார், எங்களுக்காகத்தான் வருவார். கூத்து எப்போது முடிந்தாலும் நல்லா விடிந்த பிறகுதான் மாட்டைப் பூட்டுவார். வழியில் யானை. வகுப்பு அடுத்த கிழமையும் வரும் மனே, அவள் சொல்கிறபடி விடு."

[8:53] மச்சாள்: இவர் போனைக் கீழே வைத்துவிட்டார். சரி என்றுதான் அர்த்தம்.

[9:05] சின்னம்மா: 31 வருடம் வார்டில் வேலை செய்தவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்க விடாதே. உலக சுகாதார அமைப்பின் கணக்கில் 80 டெசிபல் சத்தத்தைக் கிழமைக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம், 90 என்றால் 4 மணித்தியாலம்தான். இப்படியான இடங்களில் சத்தம் சராசரி 100ஐத் தாண்டக்கூடாது என்று 2022ல் அவர்களே வரையறை வைத்தார்கள். 100 என்பதே காதுக்குப் பெரிய சுமை. மருந்துக்கடையில் பஞ்சு மாதிரி மெத்தென்ற காதடைப்பு விற்கும், மூன்று சோடி வாங்கு. எல்லாச் சத்தமும் குறையும், ஆனாலும் பாட்டு கேட்கும். அடுத்த நாள் காதுக்குள் ஙொய் என்று கேட்டால் என்னிடம் சொல்ல வேண்டும்.

[9:20] இவர் (கட்டார்): வேலையில் நின்றேன், இப்போதுதான் எல்லாம் வாசித்தேன். ரயர் நாலையும் வெள்ளிக்கிழமை காற்றுப் பார்த்துவிடு. உதிரிச் சில்லையும் பார். காசு நாளைக்கு அனுப்புகிறேன். போகாமல் விடாதே.

*சனி*

[காலை 5:34] நான்: வெளிக்கிட்டாயிற்று.

[7:40] நான்: பொலன்னறுவை தாண்டிவிட்டோம். வெளிச்சம் வந்த பிறகுதான் புணானைக் காட்டுக்குள் நுழைந்தேன்.

[11:05] நான்: குருநாகலில் ஹைவேக்கு ஏறி மீரிகமவில் இறங்கினோம். 40 கிலோமீற்றர் கண்ணை மூடித் திறக்கும் முன் போய்விட்டது. இனி பஸ்யாலையில் கண்டி வீதி, அங்கேதான் நெரிசல்.

[மாலை 5:20] நான்: பிள்ளைகள் உள்ளே போய்விட்டார்கள். மகளின் கையில் என் நம்பரைப் பேனையால் எழுதிவிட்டேன், போன் போனாலும் கை இருக்கும். தெரு முனையில் பச்சை வெளிச்சம் போட்ட மருந்துக்கடை இருக்கிறது, எது நடந்தாலும் அங்கேதான் வர வேண்டும், நான் அங்கிருந்து அசைய மாட்டேன் என்று மூன்று பேரையும் ஒவ்வொருவராகச் சொல்ல வைத்தேன்.

[இரவு 10:52] நான்: முடிந்துவிட்டது. சனம் வருகிறது.

[11:05] அண்ணா: வந்துவிட்டார்களா

[11:09] நான்: இல்லை. அழைப்பே போகவில்லை.

[11:12] மச்சாள்: இவனின் போன் நின்றுவிட்டது. நான் எத்தனை தரம் அடித்துவிட்டேன்

[11:15] தம்பி: அக்கா பயப்படாதே. அத்தனை ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் போனை எடுத்தால் கோபுரம் தாங்காது, உள்ளே யாருக்கும் வேலை செய்யாது. சாதாரண எஸ்எம்எஸ் போடு, அதற்குக் கொஞ்சம்தான் இடம் வேண்டும், பிந்தினாலும் போய்ச்சேரக்கூடும். நீ இடத்தை விட்டுப் போகாதே. நான் வந்துகொண்டிருக்கிறேன்.

[11:18] அண்ணா: நீ உள்ளே போய்ப் பார்

[11:19] நான்: மாட்டேன். இங்கேதான் நிற்பேன் என்று சொன்னேன்.

[11:33] நான்: வந்துவிட்டார்கள். மூன்று பேரும்.

[11:33] மச்சாள்: முருகா

[11:34] அண்ணா: சரி. சரி. தண்ணீர் குடிக்கச் சொல்.

*ஞாயிறு*

[அதிகாலை 1:10] நான்: பிள்ளைகள் படுத்துவிட்டார்கள், எனக்கு நித்திரை வரவில்லை. இவர்கள் வந்த வாசலை மூடிவிட்டு எல்லாரையும் பின்பக்கத்து வாசலால் வெளியே விட்டிருக்கிறார்கள். வெளியே வந்தால் எந்தத் தெரு என்றே தெரியவில்லையாம். அண்ணாவின் மகன் போன் செத்துப்போய் விறைத்துப்போயிருக்கிறான், மகள் இரண்டு பேரின் கையையும் பிடித்துக்கொண்டு, கடை ஒன்றில் மருந்துக்கடை எங்கே என்று கேட்டுக் கேட்டு மைதானத்தைச் சுற்றி வந்திருக்கிறாள். அந்த 40 நிமிடமும் நான் பட்ட பாட்டைச் சொல்ல முடியாது. கூட்டத்துக்குள் ஓடிப்போகச் சொல்லிக் கால் துடித்தது. ஓடியிருந்தால் அவர்கள் வந்தபோது கடை வாசலில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.
அதற்கு முதல் இருந்த நாலு மணித்தியாலத்தை நான் மறக்க மாட்டேன். மதிலுக்கு வெளியே என்னைப் போல தாய் தகப்பன்மார் நிறையப் பேர். காலியில் இருந்து இரண்டு மகள்மாரைக் கூட்டி வந்த ஒருவர் வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்கும் கச்சான் தந்தார். என் அரைகுறைச் சிங்களமும் அவரின் அரைகுறைத் தமிழுமாகப் பிள்ளைகளைப் பற்றியே கதைத்தோம். பாட்டு மதிலைத் தாண்டி நன்றாகக் கேட்டது. ஒரு பாட்டுக்கு உள்ளே இருந்த எல்லாரும் சேர்ந்து பாடினார்கள், அதற்குள் என் பிள்ளையின் குரலும் இருக்கிறது என்று நினைக்க அழுகை வந்துவிட்டது. அம்மா, உங்கட அப்பா வண்டிக்குக் கீழே நித்திரை கொண்டிருக்க மாட்டார். அவரும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருப்பார்.

[காலை 7:15] மச்சாள்: அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பிக் குசினிக்குப் போய்விட்டா.

[7:50] அண்ணா: வகுப்பு மாஸ்டருக்கு நானே போன் எடுத்துச் சொல்லிவிட்டேன். அவசரப்படாமல் வா. நித்திரை கொண்டுவிட்டு வா.

[8:20] சின்னம்மா: காது எப்படி?

[8:41] மகள்: நல்லா இருக்கு அம்மம்மா, அடைப்பு கழற்றவே இல்லை. தம்பி மட்டும் பாதியில் கழற்றிவிட்டான், அவனுக்குக் கொஞ்சம் இரைகிறதாம்.

[8:43] சின்னம்மா: இரண்டு நாளைக்குக் காதில் ஒன்றும் மாட்டக்கூடாது. புதன்கிழமையும் இரைந்தால் என்னிடம் கூட்டிவா, காது மூக்குத் தொண்டை கிளினிக்கில் காட்டுவோம்.

[9:05] நான்: வெளிக்கிடுகிறோம்.

[பிற்பகல் 2:10] நான்: மின்னேரியா. தூரத்தில் குளத்துக்கரையில் யானைக்கூட்டம், குட்டிகளும் நிற்கின்றன. பகல் வெளிச்சத்தில் பார்க்க எவ்வளவு அழகு. ரோட்டோரம் நிறுத்தாமல் மெதுவாகக் கடந்து வந்தோம்.

[4:48] மச்சாள்: எங்கே நிற்கிறீர்கள்? அம்மா மீன் குழம்பை இரண்டாம் தரம் சூடாக்கிவிட்டா. புள்ளை அந்தப் பாட்டைத் தனக்கு நேரே பாடிக் காட்ட வேண்டுமாம்.

[4:56] மகள்: கல்லடிப் பாலத்தில் மாமி. அம்மம்மாவைத் திண்ணையில் இருக்கச் சொல்லுங்கள்.