18 இஞ்சி பேஸ் பொக்ஸ் இரண்டு அடித்தேன், மைதானத்தில் பேஸ் வரவில்லை. அவசரம்

முள்ளியவளைக்காரன்
அண்ணைமார், அவசர உதவி. 18 இஞ்சி பேஸ் பொக்ஸ் இரண்டு நானே அடித்தேன். வீட்டுக் கொட்டிலுக்குள் போட்டால் கூரைத் தகரம் அதிருகிறது. நேற்று மைதானத்தில் வைத்துப் பார்த்தால் பேஸே இல்லை. அம்பில் (அம்ப்ளிஃபயரில்) சிவப்பு லைட் எரியும் வரைக்கும் ஏற்றியும் பார்த்தாயிற்று. அடுத்த கிழமை கோயில் கொடியேற்றம், சவுண்ட் என் பொறுப்பு. பொக்ஸைப் பிரித்துத் திரும்பச் செய்ய வேண்டுமா? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

மல்லாவியான்
என்ன ஸ்பீக்கர் தம்பி? எத்தனை ஓம்ஸ்? அம்ப் எத்தனை வோட்ஸ்?

ஏ9 வீதி
பொக்ஸின் நீள, அகல, உயரம் சொல்லுங்கள். காற்றுத் துளை இருக்கிறதா, இல்லாவிட்டால் மூடிய பொக்ஸா? இது தெரியாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

பெரியகுளம்
என்ன பொக்ஸாக இருந்தாலும் சாதாரணப் பெட்டி வெளிக்குச் சரிவராது. திறந்த வெளிக்கு ஹோர்ன்தான், அதாவது உள்ளே நீளப் பாதை போய் வாய் விரிகிற பெட்டி. அதில் ஸ்கூப் என்கிற வகையை அடியுங்கள். அதே ஸ்பீக்கர், அதே அம்ப், ஆனால் சத்தம் மைதானத்தின் கடைசி வரைக்கும் போகும். கொட்டிலுக்குள் எந்தப் பெட்டியும் நல்லாகத்தான் கேட்கும். நான்கு பக்கமும் சுவரும் மேலே தகரமும் இருந்தால் பேஸ் உள்ளேயே பட்டுத் திரும்பிக் கூடிக் கேட்கும்.

கரடிப்போக்கு
இங்கே கிழமைக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார், அளவு ஒன்றும் தராமல். தம்பி, பலகையை வெட்ட முதல் ஸ்பீக்கரோடு வந்த தாளைப் படித்தீர்களா? அதில் ஸ்பீக்கரின் அதிர்வுக் குணத்தைச் சொல்கிற எஃப்எஸ், கியூடிஎஸ், விஏஎஸ் என்று மூன்று எண் இருக்கும். பொக்ஸின் கொள்ளளவு அவற்றிலிருந்துதான் வரும். அடுத்தவன் பெட்டியைப் பார்த்து நாடாவால் அளந்து அடித்தால் இப்படித்தான். பெரியகுளம் சொல்வதும் பாதிதான். 40 ஹேர்ட்ஸுக்கு ஹோர்னின் பாதை 2 மீற்றருக்கு மேல் வேண்டும், வாயும் பெரிதாக வேண்டும். ஒன்றிரண்டு ஸ்கூப்பை வைத்து அந்த ஆழத்துக்குப் போக முடியாது, நாலைந்தைச் சேர்த்து அடுக்க வேண்டும். கொடியேற்றத்துக்கு முதல் அது நடக்கிற காரியமா?

முள்ளியவளைக்காரன்
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதியது. ஸ்பீக்கர் 8 ஓம்ஸ். அம்ப் இரண்டு சனல், ஒரு சனலுக்கு ஒரு பொக்ஸ். பிளைவூட் 18 மில்லிமீற்றர். வெளி அளவு அகலம் 60 சென்ரிமீற்றர், உயரம் 60, ஆழம் 55. துளைக்கு 4 இஞ்சி பிவிசி குழாய் இரண்டு, ஒவ்வொன்றும் 15 சென்ரிமீற்றர் நீளம். கிட்டப் போனால் குழாயில் புஸ் புஸ் என்று காற்று வருகிறது.

கரடிப்போக்கு
இதை முதலே சொல்லியிருக்கலாம். உள்ளளவு கணக்குப் போட்டால் 163 லீற்றர், ஸ்பீக்கரும் சட்டங்களும் பிடிக்கிற இடத்தைக் கழித்தால் 150 சொச்சம். உங்கள் குழாய்க்கு ரியூனிங், அதாவது குழாய்க் காற்று பலமாக ஒத்து அதிர்கிற இடம், 38 ஹேர்ட்ஸ் அளவில் வருகிறது, அதில் பிழையில்லை. பிழை குழாயின் பரப்பில். இரண்டும் சேர்ந்து 157 சதுர சென்ரிமீற்றர்தான். 18 இஞ்சி ஸ்பீக்கரின் கோன், அதாவது முன்னும் பின்னும் ஆடுகிற பகுதி, 1,150க்கு மேல். லைவ் வேலைக்குத் துளையின் பரப்பு கோனின் பரப்பில் கால்வாசியாவது வேண்டும். அந்தச் சின்னக் குழாயால் அவ்வளவு காற்றும் போய்வர முடியாமல் புஸ் என்கிறது. நோய் இதுதான்.

ஒட்டுசுட்டான்
பிளைவூட்டில் அடித்தால் பெட்டியே அதிரும், பேஸ் பலகையிலேயே போய்விடும். முதிரைப் பலகையில் அடியுங்கள். எங்கள் பக்கத்தில் முந்தி அடித்த முதிரைப் பெட்டி இன்னும் கல்லுமாதிரி இருக்கிறது.

மல்லாவியான்
அண்ணை, முதிரைப் பலகைப் பெட்டியை மேடைக்கு ஏற்ற நாலு பேர் வேண்டும். மாரியில் ஊதும், கோடையில் சுருங்கி மூட்டு விடும். மூட்டில் காற்று ஒழுகினால் பேஸ் பொக்ஸ் முடிந்தது. பிளைவூட் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினபடியால் அப்படி அசையாது. உள்ளே இரண்டு குறுக்குச் சட்டம் கொடுத்தால் அதிர்வும் நின்றுவிடும்.

ஒட்டுசுட்டான்
நன்றாகக் காய்ந்த பலகை அசையாது. பச்சைப் பலகையை வாங்கி அடித்துவிட்டு மரத்தில் பழி போடுகிறார்கள்.

மல்லாவியான்
காய்ந்த முதிரை இப்போது எந்த மரக்காலையில் என்ன விலைக்கு இருக்கிறது? அதை ஏற்றி இறக்கப் பெர்மிற் வேறு எடுக்க வேண்டும். பேஸ் பொக்ஸுக்கா அந்த மரம்?

மாங்குளம் சந்தி
மரத்தைக் கொஞ்சம் விடுங்கள், தம்பிக்கு அடுத்த கிழமை வேலை இருக்கிறது. கரடிப்போக்கு அண்ணை துளையைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் துளை சிறிதென்றால் பலமாகப் போடும்போது புஸ் என்கும், பேஸ் கொஞ்சம் குறையும். அடியோடு இல்லாமல் போகாது. தம்பி, மூன்று கேள்வி. மைதானத்தில் இரண்டு பொக்ஸையும் எங்கே வைத்தீர்கள்? நீங்கள் எங்கே நின்று கேட்டீர்கள்? கொட்டிலில் இரண்டையும் ஒன்றாகப் போட்டீர்களா, ஒவ்வொன்றாகவா?

முள்ளியவளைக்காரன்
மேடைக்கு இரண்டு பக்கமும் வைத்தேன், இடையில் 40 அடி இருக்கும். நான் நடுவில் மிக்ஸரடியில் நின்றேன். அங்கே ஒன்றுமே இல்லை. ஓரத்துக்கு நடந்து ஒரு பொக்ஸுக்குக் கிட்டப் போனால் கொஞ்சம் வருகிறது. கொட்டிலில் இடம் காணாது, ஒவ்வொன்றாகத்தான் போட்டேன்.

மாங்குளம் சந்தி
அப்படியென்றால் பொக்ஸைப் பிரிக்க வேண்டாம். இரண்டு பக்கமும் பேஸ் வைத்தால் நடுக்கோட்டில்தான் மிகக் கூட வர வேண்டும். நடுவில் நிற்கிறவருக்கு இரண்டிலிருந்தும் ஒரே தூரம். இரண்டின் அலையும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து 6 டெசிபல் கூடும். ஓரங்களில்தான் சில இடத்தில் கூடி, சில இடத்தில் வெட்டி, ஏற்ற இறக்கமாக இருக்கும். உங்களுக்கு நேர்மாறாக நடக்கிறது. நடுவில் ஒன்றுமே இல்லையென்றால் ஒரு கோன் வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கிறது. ஒன்றில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஒன்றை மட்டும் போட்டால் இது தெரியவே தெரியாது, கொட்டிலில் பிடிபடாததும் அதனால்தான்.
ஒரு 9 வோல்ட் பற்றறி எடுங்கள். பிளஸை பிளஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி மட்டும் தொட்டுவிட்டு எடுங்கள். இரண்டு கோனும் வெளியே வர வேண்டும்.

பெரியகுளம்
இதெல்லாம் சரிதான், ஆனாலும் ஸ்கூப் என்றால் ஸ்கூப்தான். ஹோர்ன் காற்றைப் பிடித்துத் தள்ளும், துளைப் பெட்டி அப்படித் தள்ளாது.

முள்ளியவளைக்காரன்
பற்றறி வைத்துப் பார்த்தேன் அண்ணை. பொக்ஸைத் திறந்து ஸ்பீக்கரிலேயே தொட்டேன். இரண்டும் வெளியேதான் வருகிறது. அப்போ வேறென்ன?

கரடிப்போக்கு
நான் சொன்ன துளைதான்.

மாங்குளம் சந்தி
பொறுங்கள். தம்பி, ஸ்பீக்கரில் தொட்டால் ஸ்பீக்கர் சரியா என்று மட்டும்தான் தெரியும். பொக்ஸை மூடி, கேபிளைக் குத்தி, அந்தக் கேபிளின் அம்ப் பக்க முனையில் பற்றறியைத் தொடுங்கள். அப்போதுதான் சொக்கெற்றுக்குள் இருக்கிற வயர், கேபிள், பிளக் எல்லாம் சேர்ந்து சோதனையாகும். கேபிள் நீங்கள் பற்றவைத்ததா, கடையில் வாங்கியதா?

ஏ9 வீதி
சோதித்துவிட்டு, இரண்டு பொக்ஸையும் பிரித்து வைக்காமல் மேடைக்கு முன்னால் நடுவில் ஒன்றோடொன்று ஒட்டி நிலத்தில் வைத்தும் பாருங்கள். இரண்டே இரண்டு இருக்கும்போது அதுதான் நல்லது. ஓரத்து வெட்டும் இருக்காது. பின்னால் ஒன்றரை மீற்றரில் மதில் வராமலும் பாருங்கள். அதில் பட்டுத் திரும்பி வருகிற அலை 60 ஹேர்ட்ஸ் பக்கத்தில் வெட்டும், உங்களுக்கு வேண்டிய இடமே அதுதான். மதிலோடு ஒட்டி வைக்கலாம், அல்லது நன்றாகத் தள்ளி வைக்கலாம்.

கரடிப்போக்கு
அம்பை சிவப்பு வரைக்கும் ஏற்றினேன் என்று எழுதியிருந்தீர்கள். அதை இனிச் செய்ய வேண்டாம். 35 ஹேர்ட்ஸில் ஹை பாஸ், அதாவது அதற்குக் கீழே உள்ளதை வெட்டுகிற ஃபில்ற்றர், போடுங்கள். ரியூனிங்குக்குக் கீழே போனால் பெட்டிக்குள் இருக்கிற காற்று கோனைப் பிடிக்காது, அது கட்டில்லாமல் ஆடி, ஸ்பீக்கருக்குள் இருக்கிற கம்பிச்சுருளான கொயிலை அடித்துவிடும். இந்த விலையில் ஸ்பீக்கரைக் காப்பாற்றுகிற வழியைப் பாருங்கள்.

முள்ளியவளைக்காரன்
கேபிள்தான். கடையில் பற்றவைத்து வாங்கிய இரண்டில் ஒன்றில் மாறியிருந்தது. திருப்பிப் பற்றவைத்தேன், இப்போது நடுவில் நெஞ்சில் அடிக்கிறது. நன்றி அண்ணை. ஹை பாஸும் போட்டுவிட்டேன். புஸ் சத்தம் இன்னும் இருக்கிறது, திருவிழா முடியப் பார்க்கிறேன்.

மாங்குளம் சந்தி
சந்தோசம். திருவிழா முடிய அந்தக் குழாய் இரண்டையும் எடுத்து ஓட்டைகளை இறுக்கமாக அடைத்துவிட்டு, பொக்ஸின் முன்பக்கத்தில் அடியோடு முழு அகலத்துக்கும் 6 சென்ரிமீற்றர் உயரத்தில் நீளவாட்டுத் துளை வெட்டுங்கள். உள்ளே 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் பலகை வைத்தால் ரியூனிங் 40 பக்கத்தில் நிற்கும், பரப்பு இரண்டு மடங்குக்கு மேல். வெட்ட முதல் உங்கள் ஸ்பீக்கரின் தாளை இங்கே போடுங்கள், கணக்கைச் சரிபார்த்துத் தருகிறேன்.

ஒட்டுசுட்டான்
அந்தப் பலகையையாவது முதிரையில் வையுங்கள்.