அவசரநிலை மேலாண்மைக்கு மாற வழி சொல்லுங்கள்

வணக்கம். ஆம்புலன்ஸ் சேவையில் வேலை பார்க்கிறேன். ஆபத்து வந்த பிறகு ஓடுவதை விட, அதற்கு முன்பே திட்டமிடும் பக்கம் போக வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமாவின் (FEMA) ஐஎஸ்-100, ஐஎஸ்-700 இணையப் பாடங்களைப் படித்துவிட்டேன். 1970-இல் கலிபோர்னியாவை எரித்த காட்டுத்தீக்குப் பிறகு உருவான சம்பவக் கட்டளை முறை அதில்தான் தெளிவாகப் புரிந்தது. யார் உத்தரவிடுவது, யார் பொருள் சேர்ப்பது, யார் செலவுக் கணக்கு பார்ப்பது என்று முதலிலேயே பிரித்துவிடுகிறார்கள். களத்தில் பாதிக் குழப்பம் இது இல்லாததால்தான் வருகிறது.

சரி, அடுத்து என்ன? முதுகலைப் பட்டமா, அவசரநிலை மேலாளர்களின் சர்வதேச சங்கமான ஐஏஇஎம் (IAEM) தரும் சான்றிதழா? அதன் முழுச் சான்றிதழான சிஇஎம்-க்குப் (CEM) பணி அனுபவமும் பயிற்சி நேரமும் காட்ட வேண்டும். அதற்கு முந்தைய படியான ஏஇஎம்-க்கு (AEM) அந்த அளவு அனுபவம் தேவையில்லை. ஆள் எடுப்பவர்கள் ஏஇஎம்-ஐ மதிக்கிறார்களா?

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். திட்டம் எழுதுவது, மேசை ஒத்திகை (ஒரு ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று உட்கார்ந்து பேசிப் பார்ப்பது) நடத்துவது, பிறகு குறைகளை அறிக்கையாக்குவது, இவற்றில் எனக்குப் பழக்கமே இல்லை. மருத்துவமனை, தொழிற்சாலை, அரசு, தொண்டு நிறுவனம் இவற்றில் எங்கே தன்னார்வலராகச் சேர்ந்தால் இந்த வேலையைக் கையில் கொடுப்பார்கள்? களப்பணியிலிருந்து மாறியவர்கள் யாராவது இருந்தால், உங்கள் முதல் பதவி என்னவென்று தயவுசெய்து எழுதுங்கள்.