சத்து ஊசி கேட்டு வருபவரிடம் மனச்சோர்வை எப்படி விசாரிப்பது?

கேள்வி (ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்)

வணக்கம். காலை ஓபியில் நூறு பேருக்கு மேல் வருவதால் ஒருவருக்கு மூன்று நிமிடங்களுக்கு மேல் ஒதுக்க முடிவதில்லை. நாற்பத்தைந்து வயதுள்ள ஒரு பெண் சென்ற வாரம் நான்காம் முறையாக வந்தார். கை கால் ஓய்ச்சல், உடம்பெல்லாம் எரிச்சல், ஒரு சத்து ஊசி போடுங்கள் என்பதே ஒவ்வொரு முறையும் அவர் சொல்வது. ஹீமோகுளோபினும் சர்க்கரையும் சரியாகவே உள்ளன. எழுந்து போகும்போது, மூன்று மாதமாக உலை வைக்கக்கூட மனம் வரவில்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னார். இந்த நெரிசலில் இதை எப்படி மதிப்பிடுவது? மருந்தை நானே தொடங்கலாமா?

மறுமொழி (மனநல மருத்துவர்)

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டதிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் பட்டியலான பிஎச்கியூ-9 எல்லோருக்கும் தேவையில்லை. கடந்த இரண்டு வாரங்களில் மனம் சோர்ந்திருந்ததா, எதிலும் நாட்டமில்லாமல் போனதா என்ற இரண்டு கேள்விகளை முதலில் கேளுங்கள். ஆம் என்றால் மட்டும் ஒன்பதையும் கேளுங்கள். மொத்த மதிப்பெண் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனம் தேவை என்று பொருளே தவிர, அந்த எண்ணே நோயறிதல் ஆகிவிடாது. தைராய்டு பரிசோதனையும், வீட்டில் குடி, அடி, கடன் உண்டா என்ற விசாரணையும் உடன் வேண்டும். முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவு மீறிய உற்சாகத்தோடு பல நாட்கள் இருந்தாரா என்று கேட்காமல் மருந்தைத் தொடங்காதீர்கள். சோர்வும் இத்தகைய மிகை உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால், நிலைமை தலைகீழாகி மிகை உற்சாகம் கிளம்பிவிடக்கூடும்.

ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடும் என்ற அச்சம் வேண்டாம். ஆனால் உறவினரை வெளியே அமர்த்திவிட்டுக் கேளுங்கள். திட்டம் ஏதேனும் வைத்திருந்தால் அன்றே, துணையோடு, மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

மறுமொழி (குடும்ப மருத்துவர், முப்பது ஆண்டு அனுபவம்)

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஒன்றைச் சேர்க்கிறேன். லேசான சோர்வுக்கு மாத்திரை முதல் படியாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு வாரம் கழித்து வரச்சொல்லிப் பேசினாலே சிலர் தேறிவிடுகிறார்கள். மிதமானது என்றால் எஸ்சிடலோப்ராம் என்ற மனச்சோர்வு மருந்தை 5 மில்லிகிராமில் தொடங்கி, ஒரு வாரத்தில் 10 ஆக்குவேன். முதல் வாரத்தில் குமட்டல் வரலாம், பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும் என்ற இரண்டையும் சொல்லாமல் அனுப்பினால், மூன்றாம் நாளே மாத்திரை அட்டை அலமாரிக்குப் போய்விடும். குணமான பின்பும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். தூக்க மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பும் பழக்கம் நம்மிடையே இன்னும் இருப்பது வருத்தத்துக்குரியது. அமிட்ரிப்டிலின் என்ற பழைய மனச்சோர்வு மருந்து அதிக அளவில் விழுங்கப்பட்டால் இதயத்தைத் தாக்கும் என்பதால், ஆபத்து உள்ளவரிடம் அதை மாதக்கணக்கில் மொத்தமாகக் கொடுக்காதீர்கள்.

மறுமொழி (கிராம சுகாதார செவிலியர்)

விவசாய வீடுகளில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்பதையும் கேளுங்கள், ஐயா. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணை மருந்துச் சீட்டின் பின்புறத்திலேயே எழுதிக் கொடுத்தால் தொலையாது.

மறுமொழி (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. நேற்று ஓபி முடிந்தபின் தனியாக அமர்த்திக் கேட்டேன், மதிப்பெண் 14. செத்துவிடலாம் என்று சில நாட்கள் தோன்றியதாகவும், திட்டம் எதுவும் இல்லை என்றும் சொன்னார். அவர் சம்மதத்தோடு, பூச்சிமருந்துப் புட்டியைத் தம்பி தம் வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிட்டார். மாத்திரையை ஒரு வாரத்துக்கு மட்டுமே கொடுத்திருக்கிறேன். கணவர் பிரஷர் மாத்திரைக்கு வரும் வியாழக்கிழமையே இவரும் வருவார்; தனியாகப் பேருந்துக் கட்டணமும் இல்லை, ஊர் கேட்கும் கேள்வியும் இல்லை.